தக்காளிக்கு ஒண்ணு, மிளகாய்க்கு ஒண்ணு: பூச்சியைத் தின்னும் பூச்சியில எதை நம்பி இறங்கலாம்?

சிங்கப்பூர்ல காரிடார்ல நாலு தொட்டி வச்சிருக்கறவங்க, சமூகத் தோட்டத்துல பாத்தி எடுத்திருக்கறவங்க, கார்பார்க் மொட்டை மாடிப் பண்ணையில வேலை பாக்கறவங்கன்னு மூணு தரப்புலயும் ஒரே கேள்விதான் ஓடுது. வெள்ளை ஈயும் இலைப்பேனும் தாங்க முடியல, மருந்தடிக்க மனசு வரல, யூடியூப்ல ஸ்பெயின்காரர் ஒருத்தர் பாட்டில்ல இருந்து குட்டிக் குட்டிப் பூச்சியைச் செடி மேல தூவுறாரு, அது போய் கெட்ட பூச்சியைத் தின்னுடுதாம், அது என்ன பூச்சி, நமக்குச் சரிப்படுமா, இல்ல பேசாம சோப்புத் தண்ணியே அடிச்சிட்டுப் போயிடலாமா?

அந்த வீடியோவுல வர்றது பெரும்பாலும் நாவாய்ப்பூச்சி வகை. ஊசி வாயைக் குத்தி உள்ள இருக்கறதை உறிஞ்சிக் குடிக்கிற சாதி. நம்ம கணக்குக்கு இதுல மூணு கூட்டம் வருது: மிரிட் (முக்கியமா நெசிடியோகோரிஸ் டெனுயிஸ்), ஓரியஸ், அப்புறம் உருவத்துல பெருசான ரெண்டு மூணு முரட்டு வகை. நாலாவதா, பூச்சியே வேணாம், ஸ்ப்ரே போதும்ங்கற வழி. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். எந்தப் பூச்சி நல்லதுன்னு ஆரம்பிச்சா சுத்திச் சுத்தி வரணும், உங்க செடி என்ன, அதோட இலை எப்படி, பூ எத்தனை நாள் நிக்குதுன்னு ஆரம்பிச்சா பாதி முடிவு தானா வந்துடும்.

## எதை வச்சு எடை போடறது

முதல் விஷயம், எதைத் தின்னும்ங்கறது. இதை எல்லாரும் கேப்பாங்க. கேக்காம விடறது அதுக்கு அடுத்த கேள்வி, இரை தீந்துபோச்சுன்னா அது எதைத் தின்னும்? சிலது பறந்து போயிடும், சிலது பூந்தாது தின்னு உக்காந்திருக்கும், சிலது உங்க செடியையே குத்த ஆரம்பிக்கும். நம்ம ஊர் மாதிரி சின்ன இடத்துல, பத்துப் பதினஞ்சு செடியில, இரை சீக்கிரமே தீந்துடும், அதனால இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக மார்க் குடுப்பேன்.

ரெண்டாவது, அந்தப் பூச்சியால உங்க செடி மேல நடக்க முடியுதா. சிரிக்காதீங்க, தக்காளித் தண்டைத் தடவிட்டு விரலைப் பாருங்க, பச்சையா பிசுபிசுன்னு ஒட்டும், அந்தப் பிசின் முடியில மாட்டிக்கிட்டுச் சாகற நல்ல பூச்சிங்க நிறைய.

மூணாவது, சீதோஷ்ணம். நமக்கு வருஷம் முழுக்கப் பகல் சுமார் 12 மணி நேரம், ராத்திரியில கூட சராசரியா 24, 25 டிகிரிக்குக் கீழ இறங்கறதில்ல. குளிர் நாட்டுல ஓரியஸ் மாதிரி பூச்சிங்க பகல் குறைய ஆரம்பிச்சதும் முட்டை போடறதை நிறுத்திட்டுத் தூங்கப் போயிடும், அந்தத் தலைவலி நமக்குக் கிடையாது. ஆனா குளிர் நாட்டுப் புத்தகத்துல சிபாரிசு பண்ணியிருக்கற மேக்ரோலோஃபஸ்ங்கற மிரிட் நம்ம வெக்கைக்கு ஆகாது, அதோட சொந்தக்காரனான நெசிடியோகோரிஸ்தான் சூட்டுல தெம்பா இருக்கறது.

நாலாவது, எங்க இருந்து வரும். ஐரோப்பாவுல பாட்டில்ல அடைச்சு விக்கறாங்கதான், ஆனா உயிருள்ள பூச்சியை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி வரவழைக்கறது இங்க நடக்காது, தேசியப் பூங்காக் கழகத்தோட அனுமதி வேணும், ஜொகூர்ல இருந்து டப்பாவுல எடுத்துட்டு வந்தாலும் அதே கதைதான். அதனால வீட்டுல வளக்கறவங்களுக்குப் பூச்சியை "வாங்கறது"ன்னு ஒரு ஆப்ஷனே கிடையாது, ஏற்கனவே இந்தப் பகுதியில இருக்கறதை வரவழைச்சு, தங்க வைக்கறதுதான் நிஜமான ஆப்ஷன். பண்ணை வச்சு லைசென்ஸோட நடத்தறவங்க அனுமதி வாங்கி இறக்கறது வேற கணக்கு.

அஞ்சாவது, மத்த மனுஷங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, பாத்தியைப் பகிர்ந்துக்கற அங்கிள், கொசுப் புகை அடிக்க வர்றவங்க. இதைப் பத்திக் கடைசியில.

| ஆப்ஷன் | பொருத்தமான செடி | முக்கிய இரை | இரை இல்லன்னா | மறைஞ்சிருக்கற செலவு |
|---|---|---|---|---|
| நெசிடியோகோரிஸ் | கத்தரி, (யோசிச்சு) தக்காளி | வெள்ளை ஈ முட்டை, குஞ்சு | செடியைக் குத்தும் | எள்ளுச் செடிக்கு இடம், தினமும் கண்காணிப்பு |
| ஓரியஸ் | மிளகாய், குடைமிளகாய் | இலைப்பேன் | பூந்தாது தின்னும் | பூ எப்பவும் இருக்கணும், எந்த ஸ்ப்ரேயும் கூடாது |
| பெரிய வகைகள் | கலவையான தோட்டம் | புழு | பறந்து போகும் | பட்டாம்பூச்சிப் புழுவும் போகும், சிலது கடிக்கும் |
| சோப்பு, வேப்பெண்ணெய் | நாலஞ்சு தொட்டி | கைக்கு எட்டுற எல்லாம் | – | உங்க நேரம், இலைக் கருகல் |

## மிரிட்: நெசிடியோகோரிஸ் டெனுயிஸ்

இதுதான் ரொம்பப் பேரு கேக்கறது, இதுலதான் ரொம்பப் பேரு ஏமாறவும் போறது, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

மூணு, நாலு மில்லிமீட்டர் நீளம், வெளிறின பச்சை, ஒல்லியான உடம்பு, நீளக் கால். லென்ஸ் வச்சுப் பாத்தா தலையும் கழுத்தும் சேர்ற இடத்துல கருப்பா ஒரு கோடு தெரியும். இலையைத் திருப்புனா விறுவிறுன்னு மறு பக்கம் ஓடிடும், தத்துப்பூச்சி மாதிரி குதிக்காது. இந்தியா, தென்கிழக்காசியா, மத்திய தரைக்கடல் பக்கம்னு சூடான நாடுகள்ல இயற்கையாவே பரவியிருக்கற பூச்சி இது, அதனால உங்க தக்காளியில யாரும் விடாமலே வந்து உக்காந்திருந்தா ஆச்சரியப்பட வேணாம்.

இதோட பெரிய பலம் நான் மேல சொன்ன பிசின் விஷயம். பொறிவண்டுக் குஞ்சு, ஓரியஸ், இரை தின்னும் சிலந்திப்பேன் இதெல்லாம் தக்காளி முடியில தடுமாறும்போது மிரிட் அதுல ரோட்டுல நடக்கற மாதிரி நடக்கும், அந்த மாதிரிச் செடியிலயே வாழ்ந்து பழகின உடம்பு. வெள்ளை ஈ முட்டை, நகராத குஞ்சு, இலைப்பேன், சிலந்திப்பேன், அந்துப்பூச்சி முட்டைன்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் உறிஞ்சிடும். டூட்டா அப்சலூட்டாங்கற தக்காளி இலைத் துளைப்பான் 2006ல ஸ்பெயின்ல நுழைஞ்சு ஆட்டம் போட்டப்ப, அதோட முட்டையைத் தின்னு காட்டினதுல இருந்துதான் இதுக்கு இவ்வளவு பேரு. அங்க நாத்தங்கால்லயே, நடறதுக்குச் சில நாள் முன்னாடியே, ரெண்டு செடிக்கு ஒரு பூச்சிங்கற கணக்குல விட்டுடற முறையும் இருக்கு. தண்டுக்குள்ள முட்டை வச்சிடும், செடியை வயலுக்குக் கொண்டு போறப்ப காவல்காரனும் கூடவே போயிடறான்.

இப்ப அந்தப் பக்கத்தைப் பாப்போம். வெள்ளை ஈ தீந்ததும் இது தக்காளியைக் குத்த ஆரம்பிக்கும். இளந்தண்டு, இலைக்காம்பு, பூக்காம்பு இங்கதான் குத்தும். குத்துன இடத்தைச் சுத்திப் பழுப்பா, கொஞ்சம் வீங்கின மாதிரி ஒரு வளையம் விழும், நகத்தால லேசா அழுத்தினா அந்த வளையத்துலயே பட்டுன்னு உடையும். பூக்காம்புல விழுந்தா பூ கொட்டிடும். ஐரோப்பாவுலயே பாருங்க, தெற்குல இதைக் காசு குடுத்து வாங்கி விடறாங்க, வடக்குல கண்ணாடி வீட்டுக்காரங்க சில பேரு இதையே களை எடுக்க வேண்டிய பூச்சின்னு பாக்கறாங்க. ஸ்பெயின்லயும் எண்ணிக்கை ஏறிப்போச்சுன்னா இதையே குறைக்க மருந்தடிக்கறது உண்டு. நண்பனா எதிரியாங்கறது வெள்ளை ஈ எத்தனை இருக்குங்கறதைப் பொறுத்தது.

சிங்கப்பூர்ல இதுல இன்னொரு சிக்கல் சேருது, இதை யாரும் சொல்றது இல்ல. தக்காளிக்கு ராத்திரி குளிர்ச்சி வேணும், நம்ம ராத்திரி சூட்டுல மகரந்தம் சரியா வேலை செய்யாம பூ சும்மாவே கொட்டும், பெரிய தக்காளி வகைங்க இங்க காய் புடிக்க மாட்டேங்கறதுக்குக் காரணமே அதுதான். அப்ப பூ கொட்டுனா சூடு காரணமா மிரிட் காரணமான்னு எப்படித் தெரியும்? காம்பைப் பாருங்க. வளையம் இருந்தா மிரிட், சுத்தமா பச்சையா இருந்து கணு கிட்ட மஞ்சளாகி விழுந்திருந்தா சூடு. இந்த ஒரு சோதனையைப் பண்ணாம பூச்சியைத் திட்டறவங்களும் உண்டு, பூச்சியை நம்பி மோசம் போறவங்களும் உண்டு.

செடியைக் குத்தாம இருக்க வழி இருக்கு, அது நம்ம வீட்டு மளிகை டப்பாவுலயே இருக்கு. எள்ளு. நெசிடியோகோரிஸுக்கு எள்ளுச் செடின்னா அப்படி ஒரு பிரியம், இரை கம்மியா இருந்தாலும் எள்ளுல தாக்குப்புடிச்சு அதுலயே முட்டை வச்சுப் பெருகும், பக்கத்துல எள்ளு நிக்கறப்ப தக்காளியில விழற வளையம் குறையுதுன்னு ஆராய்ச்சியிலயும் பாத்திருக்காங்க, இதைக் காவல் செடியாவே வரிசை ஓரத்துல நடறவங்க இருக்காங்க. ஜப்பான்ல வேளைச் செடிக் குடும்பத்துல ஒண்ணை, கிளியோமேன்னு சொல்றது, அதையும் இதே வேலைக்கு வச்சிருக்காங்க. தேக்கா (லிட்டில் இந்தியா) மளிகைக் கடையில தோல் நீக்காத கருப்பு எள்ளு வாங்கி (வறுத்தது ஆகாது, உரிச்ச வெள்ளை எள்ளும் சந்தேகம்தான்) வெயில் படற தொட்டியில தூவி விட்டா ஒரு வாரத்துக்குள்ள முளைச்சிடும். எள்ளுக்கு ஈரம் தேங்கினா வேர் அழுகிடும், மணல் கலந்த மண்ணு வேணும். நம்ம பகல் நீளத்துக்கு அது சீக்கிரமே பூத்து முடிச்சிடும், அதனால ஒரே தடவையா போடாம மூணு நாலு வாரத்துக்கு ஒரு தொட்டின்னு மாத்தி மாத்திப் போட்டாத்தான் எப்பவும் பச்சையா ஒண்ணு நிக்கும். இந்த எள்ளுத் தொட்டிக்கு இடம் ஒதுக்க முடியுமாங்கறதுதான் மிரிட் ஆப்ஷனோட உண்மையான விலை. காரிடார்ல நடக்கறதுக்கு 1.2 மீட்டர் வழி விடணும்னு குடிமைத் தற்காப்புப் படை விதி இருக்கு, அதுக்குள்ள தக்காளியும் வச்சு எள்ளும் வைக்கறது எல்லா வீட்டுலயும் நடக்காது.

இன்னொரு வழி, ஆர்ட்டீமியா முட்டை. மீன் குஞ்சுக்குப் போட அக்குவேரியம் கடையில விக்கறாங்களே அதேதான், ஓடு நீக்கினது கிடைச்சா நல்லது. மிரிட்டுக்கும் ஓரியஸுக்கும் பஞ்ச காலத்துச் சோறா இதைத் தர்றது பண்ணைகள்ல பழக்கத்துல உள்ள விஷயம். காஞ்ச இலை மேல ஒரு சிட்டிகை போதும், மழை படற இடத்துல போட்டா பூஞ்சை புடிச்சு நாறிடும், அதனால கூரை இருக்கற இடத்துக்கு மட்டும்.

கவாத்து விஷயத்துலயும் ஒரு கண்ணு வேணும். முட்டை தண்டுக்குள்ள இருக்கறதால, நீங்க பக்கக் கிளையைக் கிள்ளி நேரா குப்பைச் சரிவுல போட்டீங்கன்னா அடுத்த தலைமுறை மிரிட்டையும் சேத்துப் போட்டுடறீங்க. கிள்ளின துண்டைச் செடி அடியிலயே சில நாள் விட்டுடுங்க, நோய் இல்லாத துண்டுன்னா மட்டும்.

வைரஸ் இருந்தா மட்டும் எந்த நாவாய்ப்பூச்சியும் காப்பாத்தாது. தக்காளி இலை மேல் நோக்கிக் கிண்ணமா சுருங்கி மஞ்சளாயிடுச்சுன்னா அது வெள்ளை ஈ கொண்டு வர்ற இலைச்சுருட்டு வைரஸா இருக்கலாம், ஒரே ஒரு ஈ குத்தினாலும் பரவும், அந்தச் செடியைப் புடுங்கிப் பையில கட்டிப் போட்டுடறதுதான் வழி, அடுத்த தடவை வைரஸ் தாங்கற வகை விதை வாங்குங்க.

என் தீர்ப்பு: கத்தரி வச்சிருந்தா தாராளமா மிரிட்டை வரவேற்கலாம், தக்காளி அளவுக்கு அதுல சேதம் தெரியறதில்ல. தக்காளிக்கு, எள்ளுக்கு இடமும் தினமும் காம்பைப் பாக்கற பொறுமையும் இருந்தா மட்டும்.

## ஓரியஸ்

ரெண்டு, மூணு மில்லிமீட்டர். கருப்பும் தந்த வெள்ளையும் கலந்த சின்ன உருவம், குஞ்சு மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்துல, செவந்த கண்ணோட இருக்கும். இலைப்பேனுக்கு இதை விட்டா ஆளில்லைன்னு சொல்ற அளவுக்கு நம்பலாம், ஆனா மிளகாய் மாதிரி செடியில மட்டும்.

ஏன் மிளகாய்? ரெண்டு காரணம். இலை வழவழன்னு இருக்கும், நடக்கத் தடை இல்ல. பூ நிக்காம பூக்கும், இலைப்பேனும் அந்தப் பூவுக்குள்ளதான் ஒளியும், ஓரியஸும் அதே பூவுக்குள்ளதான் வேட்டையாடும். இரை இல்லாதப்ப அதே பூவோட தாது தின்னு உயிர் புடிச்சுக்கும், உங்க செடிக்குச் சேதம் இல்ல. மிரிட் கூட ஒப்பிட்டா இது பெரிய நிம்மதி. சில்லி பாடி (குட்டிக் கார மிளகாய்) நம்ம ஊர்ல வருஷம் பூரா பூக்கறதால ஓரியஸுக்கு வீடும் சாப்பாடும் ஒரே இடத்துல கிடைச்சுடுது.

ஃப்ளோரிடாவுல குடைமிளகாய் வயல்ல பாத்த ஒரு கணக்கு எனக்கு ரொம்ப உபயோகமா படும். சுமார் 180 இலைப்பேனுக்கு ஒரு ஓரியஸ் இருந்தாலே பெருக்கம் மட்டுப்பட ஆரம்பிக்குது, 40க்கு ஒண்ணுன்னு வந்துட்டா கட்டுக்குள்ள வந்துடுது. இதை வீட்டுலயே பாக்கலாம். வெள்ளைத் தாளைப் பூவுக்கு அடியில புடிச்சுக்கிட்டு விரலால ரெண்டு தட்டு. ஒல்லியா, நூல் துண்டு கணக்கா ஊர்றது இலைப்பேன், குண்டா இருந்துக்கிட்டு தாள் ஓரத்துக்கு ஓட்டம் புடிக்கறது ஓரியஸ். பத்துப் பூ தட்டிப் பாத்து ரெண்டு மூணு ஓரியஸ் தெரிஞ்சா கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, அதுதான் செய்ய வேண்டிய வேலையே.

ஸ்பெயின்ல குடைமிளகாய் விளையற அல்மெரியாவோட கதையும் இதுல சேத்திதான். 2006 கடைசியில ஸ்பெயின் குடைமிளகாயில அனுமதி இல்லாத ஐசோஃபென்ஃபாஸ் மெத்தில்ங்கற மருந்தோட மிச்சத்தை ஜெர்மனியில கண்டுபுடிச்சாங்க, சூப்பர்மார்க்கெட்டுங்க சரக்கு வேணாம்னு சொல்ல ஆரம்பிச்சதும், அடுத்த சீசன்லயே அங்க விவசாயிங்க பெரும் அளவுல ஓரியஸ் லேவிகாட்டஸும் ஸ்விர்ஸ்கியைங்கற இரை தின்னும் சிலந்திப்பேனும் விட்டு வளக்கற முறைக்கு மாறினாங்க. இயற்கை மேல பாசம் வந்து மாறல, சரக்கு திரும்பி வந்ததால மாறினாங்க.

ஓரியஸ் எங்க கைகொடுக்காது? இங்க மிளகாய் வளக்கறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு இது. மிளகாய் இலை மேல் பக்கமா சுருண்டு படகு கணக்கா நின்னா இலைப்பேன், கீழ் பக்கமா கவுந்து இலைக்காம்பு நீண்டு போனா மஞ்சள் சிலந்திப்பேன், தமிழ்நாட்டுல விவசாயத் துறைக்காரங்க சொல்லித் தர்ற முதல் பாடமே இதுதான். கீழ் சுருட்டலுக்கு ஓரியஸை நம்பிக் காத்திருந்தா குருத்து கருகிடும், நுனியைக் கிள்ளிட்டு நனையும் கந்தகம் அடிக்கறதுதான் வேகமான வழி. இன்னொண்ணு, இலைப்பேன் நிறைய வகை மண்ணுல இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும், அங்க ஓரியஸ் வராது, அதனால எண்ணிக்கை ஒரே அடியா பூஜ்யம் ஆகும்னு எதிர்பாக்காதீங்க.

தென்கிழக்காசியாவுல மிளகாய்க்கும் பப்பாளிக்கும் வர்ற த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ்னு ஒரு கருப்பு இலைப்பேன் 2021ல ஆந்திரா, தெலுங்கானா மிளகாய் வயலை ஒரு வழி பண்ணுச்சு, ஞாபகம் இருக்கலாம். அங்க மருந்து மேல மருந்து அடிச்சும் நிக்கல. பூவுக்குள்ள ஒளியற பூச்சிக்கு ஸ்ப்ரே போய்ச் சேராதுங்கறதை இதை விடத் தெளிவா எப்படிச் சொல்றது.

எப்பவாவது தோல்ல ஏறி ஒரு குத்து குத்தும், சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான், விஷம் இல்ல.

## பெரிய வகைகள்

புழு தொல்லைக்கு மேல சொன்ன ரெண்டும் உதவாது, முட்டையைத் தின்னும், வளந்த புழு கிட்ட போகாது. அதுக்கு ஈயோகாந்தெகோனா ஃபர்செல்லாட்டான்னு ஒண்ணு இருக்கு, ஒரு சென்டிமீட்டருக்கு மேல நீளம், பழுப்பு நிறம், ரெண்டு தோள்லயும் கூர் முள்ளு. புழுவைக் குத்தி, ஊசி வாயை முன்னாடி நீட்டி, அது நுனியில புழு தொங்கத் தொங்கத் தூக்கிட்டே நடந்து போகும், ஒரு தடவை பாத்தீங்கன்னா மறக்க மாட்டீங்க. தாய்லாந்துல இதை வளத்து விவசாயிங்களுக்குக் குடுக்கறது உண்டு.

பிரச்சினை என்னன்னா, இதோட உருவம் காயைக் கெடுக்கற நாத்தப் பூச்சியை உரிச்சு வச்சிருக்கும், எங்க தோட்டத்துல ஒரு அங்கிள் பாத்த இடத்துலயே செருப்பால தேய்ச்சிடுவாரு, சொல்லி மாளல. வித்தியாசம் வாயில. கவுத்துப் போட்டுப் பாத்தா செடியை உறிஞ்சற பூச்சிக்கு வாய் மெல்லிசா மார்போட ஒட்டிக் கிடக்கும், இதுக்குத் தடியா, மடக்கின கத்தி கணக்கா இருக்கும். மலேசியாவுல செம்பனைத் தோட்டத்துல சிக்கானஸ்ங்கற கொலைகார நாவாய்ப்பூச்சியையும் இதையும் புழுவுக்கு எதிரா நம்பறாங்க, அதுங்க தங்கறதுக்காகவே டர்னெரா, கொடி ரோஜான்னு பூச்செடி நடறாங்க. நம்ம ஊர்ல டர்னெரா தெரு ஓரத்துலயே மஞ்சளா, வெள்ளையா பூத்துக் கிடக்குது, பாத்தி ஓரத்துல ரெண்டு வச்சா போதும்.

ஆனா பட்டாம்பூச்சிக்காக எலுமிச்சை, கறிவேப்பிலை வளக்கற வீடுன்னா யோசிங்க, இதுங்களுக்கு அந்தப் புழுவும் இந்தப் புழுவும் ஒண்ணுதான். கொலைகார வகையை வெறும் கையால புடிச்சா கடி பலமா வலிக்கும், தோட்டத்துல சின்னப் பிள்ளைங்க வந்து போறாங்கன்னா முதல்லயே சொல்லி வைக்கணும். காசு குடுத்தோ பாடுபட்டோ தேடற ஆப்ஷன் இல்ல இது, வந்தா அடிக்காம விடறது, அவ்வளவே.

## ஸ்ப்ரே மட்டும்

சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய் இதையெல்லாம் ரெண்டாந்தரம்னு நினைக்கறவங்க நிறைய. நான் அப்படி நினைக்கல. நாலஞ்சு தொட்டிக்கு இதுதான் சரி. பூச்சி மேல நேரா பட்டாத்தான் வேலை செய்யும், காஞ்சா வீரியம் போயிடும், அதனால இலைக்கு அடியில அடிக்கணும், வாரம் ஒண்ணு ரெண்டு தடவை திரும்ப அடிக்கணும், மதிய வெயில்ல அடிச்சா இலை கருகும். பாத்திரம் கழுவற லிக்விடு வேணாம், செடிக்குன்னே வர்ற பொட்டாசியம் சோப்பு வாங்குங்க. புழுவுக்குப் பிடி குர்ஸ்டாக்கி (புழுவை மட்டும் கொல்ற பாக்டீரியா மருந்து) போட்டா நாவாய்ப்பூச்சிங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

பைரத்ராய்டு, இமிடாகுளோபிரிடு மாதிரி ரசாயனப் பூச்சிமருந்து வேற விஷயம். இந்தோனேசியாவுல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. நெல்லுல புகையான்னு சாறு உறிஞ்சற தத்துப்பூச்சி வரும், தஞ்சாவூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அதோட முட்டையைத் தின்னு வாழற ஒரு பச்சை மிரிட் உண்டு, சைர்ட்டோரைனஸ். மருந்து மேல மருந்து அடிச்சப்ப முதல்ல செத்தது இந்த மிரிட்டும் சிலந்தியும்தான், புகையான் முட்டை இலையுறைக்குள்ள பத்திரமா இருந்துச்சு, பொரிஞ்சு வந்தா தடுக்க ஆள் இல்ல. மருந்து ஏற ஏற புகையானும் ஏறிச்சு. கடைசியில 1986ல அதிபர் உத்தரவு போட்டு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை பண்ணாங்க. உங்க பாத்தியிலயும் அதே கணக்குதான், வெள்ளை ஈக்கு அடிச்ச மருந்து ஓரியஸைக் கொன்னுட்டு இலைப்பேனுக்கு வழி விடும்.

## கணக்குல வராத செலவுங்க

எறும்பு. இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணுமோ என்னமோ. மாவுப்பூச்சி, அசுவினி விடற தேன் பாகுக்காக எறும்பு அதுங்களுக்குக் காவல் நிக்கும், கிட்ட வர்ற நல்ல பூச்சியைத் துரத்தும். எறும்பை அடக்காம எந்த நாவாய்ப்பூச்சியையும் வரவேற்கறதுல அர்த்தம் இல்ல. சர்க்கரையில போராக்ஸ் கலந்த இரை மூடி போட்ட டப்பாவுல, தொட்டிக் காலுல ஒட்டுப் பசை, இது போதும். தண்ணித் தட்டுல தொட்டியை நிறுத்தி எறும்பைத் தடுக்கற பழைய யுக்தி இங்க வேணாம், தேங்கின தண்ணியில கொசு முட்டை இருந்தா அபராதம்தான் மிச்சம்.

நர்சரியில வாங்கற நாத்து. ஊடுருவிப் பாயற மருந்து வேர்ல ஊத்தியே விக்கறது உண்டு, அது வாரக் கணக்குல சாறுல இருக்கும், செடியை உறிஞ்சற மிரிட்டுக்கு அந்தச் சாறே விஷம். விதையில இருந்து நீங்களே வளத்தா இந்தச் சந்தேகம் இல்ல.

கொசுப் புகை. டெங்கி பரவற பகுதின்னா புகை அடிக்கத்தான் செய்வாங்க, அதைக் குத்தம் சொல்ல முடியாது, ஆனா கீழ் மாடி காரிடார்லயும் தரைத் தோட்டத்துலயும் உங்க ஓரியஸ் எல்லாம் அன்னைக்குப் போச்சு, இலைப்பேன் பூவுக்குள்ள தப்பிச்சிருக்கும். நோட்டீஸ் ஒட்டினதும் ஒண்ணு ரெண்டு தொட்டியை வீட்டுக்குள்ள எடுத்து வச்சுக்கிட்டா மறுபடி பெருகறதுக்குக் கொஞ்சம் பூச்சி மிஞ்சும். மேல் மாடிக்காரங்களுக்கு இந்தத் தொல்லை கம்மி.

காத்திருப்பு. நம்ம சூட்டுல கூட முட்டையில இருந்து வளந்த பூச்சியாக ரெண்டு மூணு வாரம் ஆகும். அந்த நேரத்துல இலை அசிங்கமாத்தான் இருக்கும், பாக்கறவங்க "என்ன இப்படி விட்டு வச்சிருக்கீங்க"ன்னு கேப்பாங்க, பொறுத்துக்கணும்.

## அப்ப யாருக்கு எது

காரிடார்ல நாலஞ்சு தொட்டின்னா சோப்புக் கரைசல், முடிஞ்சது. அதுல சில்லி பாடி மட்டும் இருந்து நீங்க எதையுமே அடிக்காம விடத் தயார்னா ஓரியஸ் தானா வந்துடும், தாளைத் தட்டிப் பாத்துக்கிட்டே இருங்க.

சமூகத் தோட்டத்துல, பூங்காவுல எடுத்த வாடகைப் பாத்தியில, மிளகாயும் கத்தரியும் கலந்து வச்சிருக்கறவங்களுக்குத்தான் இந்தப் பூச்சிங்க நல்லாப் பொருந்தும். மிளகாய்க்கு ஓரியஸ், கத்தரிக்கு மிரிட், ஓரத்துல எள்ளும் டர்னெராவும். ஒரே நிபந்தனை, சுத்தியிருக்கற பாத்திக்காரங்களும் பைரத்ராய்டு அடிக்கக் கூடாது, பக்கத்துல ஒருத்தர் அடிச்சாலும் உங்க உழைப்பு போச்சு, அதனால பூச்சியைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி அவங்க கிட்டப் பேசுங்க. ஒத்துவரலன்னா ஸ்ப்ரே ஆப்ஷனுக்கே போயிடுங்க, பாதிப் பாதி பண்றது ரெண்டுலயும் நஷ்டம்.

கங்கோங், சாய் சிம், கீரை போடறவங்களுக்கு எந்த நாவாய்ப்பூச்சியும் வேணாம். மூணு நாலு வாரத்துல அறுத்துடறீங்க, அதுக்குள்ள பூச்சி வந்து பெருகி வேலை செய்ய நேரம் பத்தாது, அது போக கீரைக் கட்டுல பூச்சி ஓடுனா வாங்கறவங்க நல்லது கெட்டது பாக்க மாட்டாங்க. வலை போடுங்க, சின்னக் கண்ணு வலையா.

கூரை போட்ட பண்ணையில தக்காளியோ குடைமிளகாயோ வளத்து விக்கறவங்களுக்கு மட்டும்தான் அனுமதி வாங்கி வெளியில இருந்து இறக்கறது கட்டுப்படியாகும். குடைமிளகாய்க்கு ஓரியஸ், யோசனையே வேணாம். தக்காளிக்கு மிரிட் இறக்கறதா இருந்தா, செடி நடறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எள்ளை விதைச்சிடுங்க, பூச்சி வந்து இறங்கற அன்னைக்கு எள்ளு முழங்கால் உயரமாவது நிக்கணும், இல்லன்னா இறக்குமதிப் பேப்பரை ஒரு சுற்று தள்ளிப் போட்டுக்குங்க.